ஸ்டைல் ஷீட் யாருடையது?

“முதல்ல அழகா வரட்டும், அணுகல்தன்மையை அப்புறம் சேர்த்துக்கலாம்.” இணையதளம் கட்டும் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதிய வாக்கியமாக இருக்காது. உடற்குறை உள்ளவர்களும் பக்கத்தைப் பயன்படுத்த முடிவதுதான் அணுகல்தன்மை. ஏனோதானோ என்று வேலை பார்க்கும் ஒருவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். சொன்னவர் நான் பார்த்தவர்களிலேயே கண் கூர்மையான வடிவமைப்பாளர். தலைப்புக்கும் அதன் கீழே வரும் பத்திக்கும் இடையில் நாலு பிக்சல் கூடிவிட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். அந்தத் திட்டத்தில் நான் பாதியில் சேர்ந்தவன். பக்கங்களின் தோற்றம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. நிறம், எழுத்தளவு, இடைவெளி என்று அந்தத் தோற்றத்தை விதிகளாகச் சொல்லும் கோப்பான ஸ்டைல் ஷீட்டில் பாதி எழுதி முடிந்திருந்தது. மிச்சத்தை எழுதவும் வெளியீட்டுக்கு முன் சோதித்துப் பார்க்கவும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். காலக்கெடு கழுத்தைப் பிடித்திருந்த ஒரு கூட்டத்தில்தான் மேற்படி வாக்கியம் வந்தது. யாரும் மறுக்கவில்லை. பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. நான் மட்டும் அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்த வாக்கியத்தில் இருந்த அலட்சியம்தான் உறுத்துகிறது என்று முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அவர் அலட்சியமாகச் சொல்லவே இல்லை. உறுத்தியது அதற்குள் இருந்த வரிசை. அழகு என்ற ஒன்று முதலில் முழுதாக உருவாகிவிடுகிறதாம். பிறகு பார்வை குறைந்தவர்களுக்காகவும் கை நடுங்குகிறவர்களுக்காகவும் அதன்மேல் ஒட்டுப்போடுகிறோமாம். ஒட்டுப்போட்ட துணி கொஞ்சம் அசிங்கமாகத்தானே தெரியும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்களும் எனக்குப் பிடிப்பதில்லை. சட்டம் கேட்கிறது, வழக்கு வரும், தேடுபொறிக்கு நல்லது, வாடிக்கையாளர் கூடுவார்கள் என்பார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். அவை அத்தனையும் அந்த வரிசையை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குகின்றன. ‘ஆமாம், அசிங்கமாகும், ஆனாலும் செய், உனக்கு லாபம்’ என்பதுதான் அவற்றின் சாரம். நல்ல வடிவமைப்பாளரிடம் இதைச் சொன்னால் தலையாட்டுவார், மனசு மாறாது. சொல்கிற எனக்கே மனசு ஆறவில்லை என்பது வேறு விஷயம்.

சாம்பல் நிறச் சண்டை

முதல் மோதல் எதிர்பார்த்த இடத்திலேயே வந்தது. தேதி, கட்டுரையாளர் பெயர், படக்குறிப்பு எல்லாம் வெள்ளைப் பின்னணியில் #999 என்ற வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்தன. அதன் ஒளிர்வு வேறுபாடு 2.85:1. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி, சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5:1. பெரிய எழுத்து என்றால் 3:1 போதும். கணக்கு எளிதுதான். இரண்டு நிறங்களின் ஒளிர்வையும் எடுத்து, ஒவ்வொன்றோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். வெள்ளைமேல் சுத்தக் கறுப்புக்கு 21:1 வரும். #777 என்றால் 4.48, தேறாது. #767676 என்றால் 4.54, தேறிவிடும். “இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்தை யாராவது கண்ணால காட்டுங்க பார்க்கலாம்” என்றார் வடிவமைப்பாளர். நியாயமான கேள்வி. யாராலும் காட்ட முடியாது. எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும் என்பதற்காகப் போட்ட கோடு அது. எழுத்து மெலிந்ததா தடித்ததா என்பதை அந்தச் சூத்திரம் கண்டுகொள்வதில்லை. கறுப்புப் பின்னணியில் அது கொடுக்கும் எண்ணும் நம் கண்ணுக்குத் தெரிவதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. இதையெல்லாம் ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

ஆனால் வெளிறிய எழுத்துகள் உலகெங்கும் பரவிக்கிடப்பதற்கு அந்தக் கோட்டின் முரட்டுத்தனம் காரணமாக இருக்க முடியாது. அணுகல்தன்மைக்காக இயங்கும் வெப்எய்ம் அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதித்து வருகிறது. ஒவ்வொரு முறையும் முதலிடம் பிடிக்கும் குறை இதுதான். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பக்கங்களில் இருக்கிறது. இத்தனை பேரும் 4.48-க்கும் 4.54-க்கும் நடுவில் கால் இடறியவர்களாக இருக்க வாய்ப்பில்லை, வேண்டுமென்றே வெளிறவைக்கிறார்கள். தேதி தலைப்பைவிடக் கீழ்ப்படியில் இருக்கும் தகவல் என்று காட்ட வேண்டும். அதற்குக் கைக்கு எட்டிய முதல் கருவி நிறம். அளவு, தடிமன், இடைவெளி, வைக்கும் இடம் என்று இன்னும் நாலு கருவிகள் பெட்டியிலேயே கிடக்கின்றன. நாங்கள் தேதியை #595959 ஆக்கி 7:1-க்குக் கொண்டுவந்தோம், எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, மேலே இடைவெளியைக் கூட்டினோம். பார்க்க நன்றாகவே இருந்தது. “சரி, உங்க எண் வந்துடுச்சு” என்றார் அவர். எண் வந்தது. அந்த வாக்கியம் இருந்த இடத்திலேயே இருந்தது.

400 விழுக்காடு

வெளியீட்டுக்கு முன் சோதித்துப் பார்க்க ஒருவரை அழைத்திருந்தோம். என்னைவிட வயதில் மூத்தவர். சிறு வயதிலிருந்தே பார்வைக் குறைவு. நீளமான கட்டுரைகளை, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடரில் கேட்பார், மற்றபடி கண்ணால்தான் படிப்பார், பிரவுசரை 400 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு. பெரிதாக்கினால் என்ன ஆகும் என்பதை அகலத்தை வைத்தே யோசிக்கப் பழகியிருக்கிறோம். 1280 பிக்சல் அகல ஜன்னல் நான்கு மடங்கு பெரிதாகும்போது பக்கத்தைப் பொறுத்தவரை 320 பிக்சல் அகலமாகிவிடும். 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1-இன் விதியும் அந்த 320-ஐத்தான் சொல்கிறது. அந்த அகலத்தில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிக்கும் நிலை வரக் கூடாது. எங்கள் பக்கம் அதில் தேறியிருந்தது. கைபேசிக்கான அமைப்பு அழகாக வந்து உட்கார்ந்தது. யாரும் நினைத்துப் பார்க்காதது உயரம். 720 பிக்சல் உயரமும் நான்கால் வகுபட்டு 180 ஆகிவிட்டது. மேலே உருட்டினாலும் நகராமல் நிற்கும் தலைப்புப் பட்டை 80 பிக்சல். கீழே குக்கீ அனுமதி கேட்கும் பட்டை 56 பிக்சல். மிஞ்சியது 44. அதில் ஒரு வரி முழுதாகவும் அடுத்த வரி முக்காலாகவும் தெரிந்தது. ஒரு கட்டுரையை அந்த இடுக்கின் வழியாகப் படிக்க வேண்டும்.

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிச்சல் எதுவும் இல்லை. ஏதோ ஒரு குறுக்குவிசையைத் தட்டினார். மேல் பட்டை சட்டென்று பக்கத்தோடு சேர்ந்து மேலே ஏறிப் போய்விட்டது, கீழ்ப் பட்டையும் காணாமல் போனது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷன் வைத்திருக்கிறார், அதில் அவரே எழுதிய ஒரு குட்டி ஸ்டைல் ஷீட். ஹெடர், நாவ், ஃபுட்டர் மூன்றுக்கும் பொசிஷனை ஸ்டாட்டிக் ஆக்கி, ஒட்டி நிற்காமல் பக்கத்தோடு நகரவைக்கும் ஒரு வரி, பத்திகளின் வரி உயரத்தைக் கூட்டும் ஒரு வரி, பின்னணியைக் கருநீலமாக்கும் ஒரு வரி. எல்லாவற்றின் முடிவிலும் இம்பார்ட்டன்ட், அதாவது மற்ற விதிகளை மீறி இதுவே நிற்கட்டும் என்ற குறி. “எந்த சைட்டா இருந்தாலும் கொஞ்சம் திருத்திட்டுத்தான் படிப்பேன் தம்பி. சிலது திருத்த விடும், சிலது விடாது. உங்களோடது பாதி விடுது” என்றார். குறையாகவும் சொல்லவில்லை, பாராட்டாகவும் சொல்லவில்லை. வானிலை சொல்வதைப் போன்ற குரலில் சொன்னார். விடாத பாதி எது என்றும் காட்டினார். வரி உயரத்தைக் கூட்டினால் பெட்டிகளுக்குள் இருந்த எழுத்து கீழே வெட்டுப்பட்டது, ஏனென்றால் பெட்டிகளின் உயரம் பிக்சலில் இறுக்கப்பட்டிருந்தது. பின்னணியைக் கருநீலமாக்கினால் பட்டன்களின் ஐகான்கள் மறைந்தன, ஏனென்றால் அவை கறுப்பு நிறப் படங்கள்.

இதெல்லாம் நான் கொஞ்சம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அடுத்து வந்தது. முகப்புத் தலைப்புக்கு வடிவமைப்பாளர் மிகவும் மெனக்கெட்டு ஒரு எழுத்துருவைத் தேர்ந்திருந்தார். சோதிக்க வந்தவர் அந்தத் தலைப்பின்மேல் நிறுத்தி, முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திப் பார்த்தார். “இந்த எழுத்து நல்லாருக்கே. வளைவு முடியுற இடத்துல சன்னமா ஒரு கூர் வச்சிருக்காங்க பாருங்க.” அறையில் இருந்த யாரும் அந்தக் கூரைப் பார்த்திருக்கவில்லை. எங்களுக்குத் தலைப்பு ஒரே பார்வையில் அடங்கிவிடும் ஒரு வடிவம். அவருக்கு ஒவ்வோர் எழுத்தும் ஒரு படம். ஓரத்தில் உட்கார்ந்திருந்த வடிவமைப்பாளர் நிமிர்ந்து பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கூருக்காகத்தான் அந்த எழுத்துருவை எடுத்தேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அழகை ஒரு கூட்டத்துக்கும் அணுகல்தன்மையை இன்னொரு கூட்டத்துக்கும் பிரித்துக் கொடுத்த அந்த வரிசை எனக்குள் உடைந்தது இங்கேதான். அவர் எங்கள் பக்கத்தின் மிக நெருக்கமான ரசிகர். ரசிப்பதற்குத் தடையாக நின்றது எங்கள் ஸ்டைல் ஷீட்டின் பிடிவாதம்.

1994-இல் வாசகருக்கு ஒதுக்கிய இடம்

“திருத்த விடும், விடாது” என்ற அந்தப் பேச்சு என்னைப் பழைய ஆவணங்களுக்கு இழுத்துக்கொண்டு போனது. ஸ்டைல் ஷீட் எழுதும் மொழியான சிஎஸ்எஸ் பற்றிய முதல் முன்மொழிவை ஹோக்கொன் வியும் லீ செர்ன் ஆய்வகத்தில் இருந்தபோது 1994 அக்டோபர் 10 அன்று வெளியிட்டார். பின்னர் பெர்ட் போஸ் அவரோடு சேர்ந்தார். 1996 டிசம்பரில் சிஎஸ்எஸ்1 டபிள்யூ3சி-யின் பரிந்துரையானது. இது பலருக்கும் தெரிந்த கதை. அந்த முதல் முன்மொழிவைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. அதில் ஒவ்வொரு விதியின் முடிவிலும் ஒரு விழுக்காடு இருக்கும். எச்1 தலைப்பு 24 பாயின்ட், 100 விழுக்காடு. எச்2 தலைப்பு 20 பாயின்ட், 40 விழுக்காடு. இந்த விஷயத்தில் எனக்கு எவ்வளவு செல்வாக்கு வேண்டும் என்று விதியே கேட்கிறது. மீதி அடுத்த ஸ்டைல் ஷீட்டுக்குப் போகும். வரிசையில் முதலில் நிற்பது யார் என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. வாசகர்! முதல் ஸ்டைல் ஷீட்டை வாசகர் கொடுக்கிறார். அவர் விரும்பினால் முழு அதிகாரத்தையும் தானே வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் அதில் பெரும்பங்கைப் பக்கத்தை எழுதியவருக்கு விட்டுக்கொடுப்பார் என்ற எதிர்பார்ப்பில் எழுதப்பட்ட திட்டம் அது. தோற்றத்தை எழுத்தாளரும் வாசகரும் பங்குபோட்டுக்கொள்வதற்கான ஏற்பாடாகத்தான் இந்த மொழி யோசிக்கப்பட்டிருக்கிறது.

விழுக்காடுகள் நடைமுறைக்கு வரவில்லை. பாதி எழுத்தாளர் நிறம், பாதி வாசகர் நிறம் என்று கலந்தால் என்ன வரும் என்று யோசித்தாலே தெரியும், வராததும் நல்லதுதான். ஆனால் பங்கு என்ற எண்ணம் போகவில்லை. சிஎஸ்எஸ்1-இல் எழுத்தாளரும் வாசகரும் ஒரே விஷயத்துக்கு இம்பார்ட்டன்ட் போட்டால் எழுத்தாளர் ஜெயிப்பார். 1998-இல் வந்த சிஎஸ்எஸ்2 இதைத் தலைகீழாக்கியது. வாசகரின் இம்பார்ட்டன்ட் எல்லாவற்றையும் வெல்லும். பெரிய எழுத்தோ குறிப்பிட்ட நிறச் சேர்க்கையோ தேவைப்படுகிறவர்களின் கையில் கட்டுப்பாட்டைக் கொடுப்பதற்காகவே இந்த மாற்றம் என்று அந்த ஆவணமே சொல்கிறது. நாம் இம்பார்ட்டன்டை எதற்குப் பயன்படுத்துகிறோம்? வேறொரு டெவலப்பர் எழுதிய விதியை மல்லுக்கட்டி மடக்குவதற்கு. கடைசி வார்த்தை வாசகருடையதாக இருக்க வேண்டும் என்று திருத்தி வைத்த கருவி, அலுவலகத்துக்குள் நடக்கும் தள்ளுமுள்ளுக்குப் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது. இதற்கிடையில் பிரவுசர்களும் வாசகரின் ஸ்டைல் ஷீட்டை ஓசைப்படாமல் ஒதுக்கிவிட்டன. குரோம் 2014-இல் அந்த வசதியை எடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் 2019 முதல் அது இயல்பாக அணைந்திருக்கும், உள்ளே போய் ஒரு அமைப்பை மாற்றினால்தான் வேலை செய்யும். சஃபாரியில் இன்னும் அமைப்புகளுக்குள் இருக்கிறது. எங்களிடம் வந்தவர் எக்ஸ்டென்ஷன் வைத்துக்கொண்டு பாடுபட்டதற்குக் காரணம் இதுதான்.

வாசகரின் பங்கு அடியோடு அழிந்துவிடவில்லை, சிதறியிருக்கிறது. பெரிதாக்கும் வசதி, எழுத்தளவு அமைப்பு, இருண்ட தோற்ற விருப்பம், அசைவைக் குறைக்கும் விருப்பம், விண்டோஸின் உயர் வேறுபாட்டு நிறங்கள் எல்லாம் அந்தப் பழைய பங்கின் துண்டுகள். இப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகு, அணுகல்தன்மைப் பட்டியலில் தனித்தனியாக மனப்பாடம் செய்து வைத்திருந்த விதிகள் எனக்கு ஒரே கேள்வியாகத் தெரியத் தொடங்கின. வாசகர் கை வைத்தால் இந்த வரி வளைந்து கொடுக்குமா, முறியுமா?

வளையும் வரிகள், முறியும் வரிகள்

எழுத்தளவிலிருந்தே தொடங்கலாம். பெரும்பாலான பிரவுசர்களில் இயல்பான எழுத்தளவு 16 பிக்சல். ஒருவர் அதை அமைப்புகளில் 24 ஆக்கி வைத்திருக்கிறார் என்றால் அவர் ஏற்கெனவே தன் முதல் விதியை எழுதிவிட்டார். நம் ஸ்டைல் ஷீட்டில் பத்திக்கு 16 பிக்சல் என்று எழுதினால் அவர் விதியை அழிக்கிறோம். அவர் வைத்த அளவையே அடிப்படையாகக் கொள்ளும் அலகில் 1 ரெம் என்று எழுதினால் அவர் விதியின்மேல் நம் வேலையைக் கட்டுகிறோம். ஜூம் செய்தால் பிக்சலும் பெரிதாகத்தானே செய்கிறது என்று கேட்பார்கள். செய்யும். ஆனால் ஜூம் என்பது படங்கள், இடைவெளிகள் என எல்லாவற்றையும் சேர்த்து ஊதுவது, எழுத்தளவு அமைப்பு எழுத்தை மட்டும் கேட்பது. இரண்டும் வேறு வேறு வேண்டுகோள். ஜன்னல் அகலத்தை மட்டும் வைத்து விடபிள்யூ அலகில் தலைப்பின் அளவைச் சொல்வது இதைவிட மோசம், ஜூம் செய்தாலும் அது பெரிதாகாது. குறைந்தபட்சம், நடு, அதிகபட்சம் என்று மூன்று மதிப்பு கேட்கும் கிளாம்ப் போட்டாலும் நடுவில் வைக்கும் மதிப்பில் ஒரு ரெம் பங்கு கலந்திருக்க வேண்டும். பெட்டிகளுக்கு உயரத்தை இறுக்கும் ஹைட் போட்ட இடங்களில் எல்லாம், குறைந்தபட்ச உயரத்தை மட்டும் சொல்லும் மின்-ஹைட் போட்டோம். வரி உயரம் எழுத்தளவின் 1.5 மடங்கு, எழுத்து இடைவெளி 0.12 மடங்கு, சொல் இடைவெளி 0.16 மடங்கு, பத்தி இடைவெளி 2 மடங்கு என்று வாசகர் நீட்டினாலும் எதுவும் வெட்டுப்படக் கூடாது என்பது டபிள்யூசிஏஜி 2.1-இன் இன்னொரு விதி. அதில் முறிவது அநேகமாக எப்போதும் இறுக்கப்பட்ட உயரம்தான்.

நகராமல் நிற்கும் பட்டைகளுக்குக் கிடைத்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது மூன்றே வரி. ஜன்னலின் உயரம் 30 எம்-க்கு (எம் என்பது எழுத்தளவை வைத்து அளக்கும் அலகு) மேல் இருந்தால் மட்டும் பட்டைகள் ஒட்டிக்கொண்டு நிற்கட்டும், இல்லாவிட்டால் பக்கத்தோடு போகட்டும் என்று, ஜன்னலின் அளவைப் பார்த்து விதியை மாற்றும் ஒரு மீடியா குவெரி. அகலத்துக்கு மீடியா குவெரி எழுதிக் கை தேய்ந்தவர்கள் உயரத்துக்கு எழுதுவதே இல்லை. 400 விழுக்காட்டில் இப்போது 180 பிக்சலும் படிப்பவருக்கே. கைபேசியைப் பக்கவாட்டில் பிடிப்பவர்களுக்கும் அது தானாகவே உதவியது. இதை நாங்கள் திட்டமிடவில்லை.

கீபோர்டில் நகரும்போது லிங்க்கைச் சுற்றி வரும் வளையத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அந்த வளையத்தை, அதாவது அவுட்லைனை, அழிக்கும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சிஎஸ்எஸ் நிபுணர் எரிக் மேயர் 2007-இல் வெளியிட்ட, பிரவுசரின் இயல்பான தோற்ற விதிகளை அழிக்கும் புகழ்பெற்ற ரீசெட் கோப்பில் ஃபோகஸ் அவுட்லைனைப் பூஜ்யமாக்கும் ஒரு விதி இருந்தது. அதன் தலையிலேயே, உங்கள் ஃபோகஸ் தோற்றத்தை வரையறுக்க மறக்காதீர்கள் என்று ஒரு குறிப்பும் இருந்தது. ஊரே விதியை எடுத்துக்கொண்டது, குறிப்பை விட்டுவிட்டது. 2011-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவர் அந்த விதியையே நீக்கிவிட்டார். அதற்குள் அது எண்ணற்ற தளங்களுக்குள் புகுந்திருந்தது. வடிவமைப்பாளர்கள் வளையத்தை வெறுத்ததற்கும் காரணம் இருந்தது. மவுஸால் பட்டனை அழுத்தினாலும் அது வந்து நின்றுவிடும். ஃபோகஸ்-விசிபிள் என்ற வசதி சிஎஸ்எஸ்ஸில் வந்தபின் அந்தப் புகாருக்கு இடமில்லை. கீபோர்டில் வருபவருக்கு மட்டும் காட்டுவதா வேண்டாமா என்பதை பிரவுசரே பார்த்துக்கொள்கிறது. குரோமில் 2020-இலும் ஃபயர்ஃபாக்ஸில் 2021-இலும் சஃபாரியில் 2022-இலும் வந்துவிட்டது. எங்கள் வடிவமைப்பாளர் வளையத்தை, பெட்டியைச் சுற்றி நிழல் போடும் பாக்ஸ்-ஷேடோவால் மென்மையாக வரைந்திருந்தார், கண்ணுக்கு இதமாக இருந்தது. உயர் வேறுபாட்டு நிறங்களை விண்டோஸில் இயக்கினால் பாக்ஸ்-ஷேடோ முழுக்க மறைந்துவிடும். அதனால் கூடவே ஒளி ஊடுருவும் நிறத்தில் இரண்டு பிக்சல் அவுட்லைன் ஒன்றும் போட்டோம். சாதாரணமாக யார் கண்ணிலும் படாது. உயர் வேறுபாட்டில் பிரவுசர் அதற்கு நிறம் கொடுத்துவிடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டிகளை அடுக்கும் முறைகளான கிரிட்டிலும் ஃப்ளெக்ஸிலும் ஆர்டர் போட்டு இடம் மாற்றினால் கண்ணுக்குத்தான் மாறும், டேப் விசை பக்கத்தின் உள்ளடக்கம் எழுதப்பட்ட பழைய எச்டிஎம்எல் வரிசையிலேயே குதிக்கும். கறுப்பு ஐகான்களை எஸ்விஜி என்ற கோட்டுப் படங்களாக்கி, எழுத்தின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும்படி கரன்ட்கலர் கொடுத்தால் பின்னணி என்ன ஆனாலும் அவை பிழைத்துக்கொள்ளும். லிஸ்ட் புள்ளிகளை ஸ்டைலால் நீக்கினால் சஃபாரியில் ஆப்பிளின் ஸ்க்ரீன் ரீடரான வாய்ஸ்ஓவர் அதைப் பட்டியல் என்றே சொல்லாமல் போகலாம், தோற்ற விதி பொருளையே தின்றுவிடும் வினோதமான இடம் அது. அசைவுகளைப் பொறுத்தவரை, 2013-இல் ஐஓஎஸ் 7-இன் மிதக்கும் பின்னணியும் பாய்ந்து வரும் திரைகளும் பலருக்குத் தலைச்சுற்றலைக் கொடுத்தபோதுதான் உலகம் விழித்தது. 2017-இல் சஃபாரி, அசைவைக் குறைக்கும் விருப்பத்தை ஸ்டைல் ஷீட்டுக்கே தெரியப்படுத்தத் தொடங்கியது. எல்லா அசைவையும் கொல்ல வேண்டியதில்லை. மங்கி மறைவது இருக்கட்டும், பறந்து வருவது வேண்டாம்.

“அப்போ எல்லா சைட்டும் ஒரே மாதிரி இருக்கணுமா?”

இது வடிவமைப்பாளர் கேட்டது. வாசகர் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் எங்கள் வேலைக்கு என்ன அர்த்தம் என்பது அதற்குள் இருந்த கேள்வி. நான் வழக்கம்போல டேவ் ஷே 2003-இல் தொடங்கிய சிஎஸ்எஸ் ஸென் கார்டனைக் காட்டினேன். எச்டிஎம்எல் ஒன்றுதான், ஸ்டைல் ஷீட்டை மாற்றினால் ஒவ்வொன்றும் வேறு உலகம். அவர் அதை என்னைவிட நன்றாக அறிந்தவர், திருப்பி அடித்தார். அதில் வந்த பல வடிவமைப்புகளில் தலைப்புகள் எழுத்தே கிடையாது, படங்கள். உண்மைதான். அந்தக் காலத்தில் புகழ்பெற்றிருந்த ஒரு உத்தியில் எழுத்தை டிஸ்ப்ளே நன் ஆக்கி மறைத்துவிட்டு, பின்னணியில் தலைப்பைப் படமாக வைப்பார்கள். கண்ணுக்குப் பிரமாதம். பல ஸ்க்ரீன் ரீடர்கள் அந்தத் தலைப்பைப் படிக்கவே மாட்டா. அதே ஆண்டிலேயே சிலர் சோதித்துப் பார்த்து இதை எழுதினார்கள். ஆக, சிஎஸ்எஸ்ஸின் அழகுக்குச் சாட்சியாக எல்லோரும் காட்டும் தோட்டத்திலேயே வாசகரின் பங்கு வெட்டப்பட்டிருக்கிறது. அவர் இதைச் சொன்னது என்னை மடக்குவதற்காக. எனக்கு அது என் பக்கத்து வாதமாகவே தெரிந்தது. அன்று எல்லா பிரவுசரிலும் வேலை செய்யும் வெப் எழுத்துரு இல்லை, கிரிட் இல்லை, அழகுக்காக எழுத்தைப் படமாக்க வேண்டியிருந்தது. இன்று அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. எழுத்து எழுத்தாகவே இருந்து, வாசகர் தொட்டால் வளைந்து, அப்போதும் அழகாக இருக்க முடியும். அப்படி இருக்க வைப்பது முன்பைவிடக் கடினமான கைவேலை. ஒரே ஒரு திரையில் மட்டும் கச்சிதமாக நிற்கும் பக்கத்தை நான் இப்போது பாதி முடிந்த பக்கமாகத்தான் பார்க்கிறேன். இதை அவர் முழுதாக ஏற்கவில்லை. கூட்டத்தில் சொன்ன வாக்கியத்தையும் திரும்பப் பெறவில்லை.

ஆனால் அவர் தானாகவே எடுத்துக்கொண்டு வந்த ஒரு வேலை இருக்கிறது. பத்திக்குள் வரும் லிங்க்குகளுக்கு அவர் அடிக்கோடு போடுவதில்லை, நிறம் மட்டும்தான். நிறத்தை மட்டும் நம்பினால் நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு லிங்க் இருப்பதே தெரியாது என்பது பழைய விதி. அவர் அதை மறுக்கவும் இல்லை. அடிக்கோட்டின்மேல் அவருக்கு இருந்த வெறுப்பு வேறு. தமிழ் எழுத்தில் கு, டு, மு, ழு என்று பலவும் கீழே இறங்கி வரும். பிரவுசர் போடும் கோடு அவற்றைக் கண்ட இடத்திலெல்லாம் விட்டு விட்டுப் போக, ஒரு சொல்லின் கீழ் கோடு துண்டு துண்டாகத் தொங்கும். ஆங்கில எழுத்தை மனதில் வைத்து அமைத்த கோடு நமக்கு அசிங்கமாகத்தான் வரும் என்றார். சரியான கவனிப்பு. பிறகு அவரே அடிக்கோட்டைத் தள்ளி வைக்கும் அன்டர்லைன்-ஆஃப்செட்டையும் தடிமனையும் எம் அலகில் வைத்து, எழுத்தோடு சேர்ந்து கோடும் வளரும்படி செய்து, 100-இலும் 400-இலும் எடுத்துக்காட்டினார். கோடு எழுத்துகளுக்குக் கீழே முழுதாக ஓடியது. இப்போது எங்களுக்குள் இருக்கும் தகராறு எவ்வளவு தள்ளி வைப்பது என்பதுதான். 0.3 எம் என்கிறார் அவர். வரி உயரத்தை வாசகர் கூட்டாமல் விட்டால் கோடு அடுத்த வரியின் கொம்பைத் தொடுகிறது, 0.25 போதும் என்கிறேன் நான். இப்போதைக்கு ஸ்டைல் ஷீட்டில் அவருடைய எண்தான் இருக்கிறது.